வீட்டுக்காரம்மா பலவீனத்தைக் கேட்கவில்லை

1

இந்தக் கதையை என் பித்தப்பையைக் கொடுத்து வாங்கினேன். அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம், டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ், "ஒரு இன்டர்வியூ விஷயமா உங்ககிட்ட பேசணும் சார்" என்றாள். எழுத்தாளனைத் தேடிப் பேட்டி வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். தையல் சுரீரென்று இழுத்தது. விஷயம் வேறு. அவள் முதுநிலை நர்சிங் படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள், நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கேள்வி கேட்க வேண்டும், அவள் பதில் சொல்லிப் பழகுவாள்.

முதலில் கதையை இப்படித்தான் தொடங்கினேன்:

வெள்ளுடை தேவதையாக அவள் அந்த வார்டில் மிதந்து

வேண்டாம். உடை நீலம். அவள் மிதக்கவும் இல்லை. நடந்தாலே கட்டில் திரைகள் ஆடும். வார்டில் அவளுக்குப் புயல் என்று பெயர். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

2

புயலுக்கு ஒரே ஒரு இடத்தில் வாய் அடைக்கும். போன வருடம் இதே கல்லூரியில், "ஏன் மேலே படிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். தலைக்கு மேலே காற்றாடி சுற்றுவதையே பார்த்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். அழுதாளா என்று கேட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்ததால் அழ வசதியாக இருந்தது என்றாள்.

அதனால் இந்த வருடம் ஒத்திகை. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த லாரி ஓட்டுநரும் குழுவில் சேர்ந்துகொண்டார். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் போலீஸ் கேள்விகள். "எங்கிருந்து வர்றீங்க, எங்க போறீங்க, கூட யாரு?" என்பார். அவற்றுக்கும் அவள் பதில் தயாரித்தாள்.

அந்த முக்கியமான கேள்விக்கு நானே ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். சிறு வயதில், நோயுற்ற தாயின் கட்டிலருகே நின்ற ஒரு சிறுமி எடுத்த சபதம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

"எங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க சார். நேத்துக்கூட என்னைத் திட்டினாங்க."

(இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. அழுத்தமான கடந்தகாலம் இல்லாத நாயகியை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? அவளோ அடுத்த கட்டில் ஆளுக்குப் பிரஷர் பார்க்கப் போய்விட்டாள்.)

3

நேர்காணல் மதியம். காலையிலேயே கணவரோடு கல்லூரி இருக்கும் ஊரில் போய் இறங்கிவிட்டாள், தங்க இடம் பார்க்க. கல்லூரி விடுதி நிரம்பிவிட்டதாம். கல்லூரியில் இடம் கிடைத்தால் அவள் மட்டும் அங்கே தங்கிப் படிப்பது, கணவரும் மகளும் விடுமுறைக்கு வந்து போவது என்று ஏற்பாடு. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிறவர். மனிதர் வாய் திறந்தால் அன்றைக்கு மழைதான்.

முதல் அறையில் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. கதவைத் திறந்தால் கட்டில் கிடையாது. இரண்டாவது, ஒரு சலவைக் கடைக்கு மேலே. மாடிப்படி முழுக்க இஸ்திரி வாசனை. அறையில் பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கல்லூரி மதில். புயலுக்கு அப்போதே அந்த அறையின் மேல் மனசு விழுந்துவிட்டது. ஆனால் இறங்கும்போது வீட்டுக்காரம்மா படியிலேயே மறித்து நின்று விசாரணையைத் தொடங்கினார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

அவ்வளவுதான். நாள்கணக்கில் முறுக்கி வைத்திருந்த பொம்மைச் சாவி தானாகச் சுற்றத் தொடங்கியது. பெயர், படிப்பு, அனுபவம், குழுவாக வேலை செய்யும் திறமை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "என்னுடைய பலவீனம் அவசரம். அதைத் திருத்திக்கிட்டு வரேன்" என்றும் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரம்மா, பலவீனத்தை யாரும் கேட்கவில்லையே என்பது போலக் கணவரைப் பார்த்தார். கணவர் சுவரில் இருந்த ஆணியைத் தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு வாருங்கள், அறையைப் பிடித்து வைக்க முடியாது, வேறு மாணவிகளும் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டார் வீட்டுக்காரம்மா. நேரமாகிவிட்டது. புயல் கல்லூரிக்கு ஓடினாள். கணவர் படியிலேயே நின்றுவிட்டார்.*

* ஒரு வரைவில் இந்த வீட்டுக்காரம்மாவே நேர்காணல் குழுவில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். எழுதும்போது ஜோராக இருந்தது. படித்துக் காட்டியதும் புயல், "அவங்க ஏன் சார் அங்க வரப்போறாங்க?" என்றாள். அடித்துவிட்டேன்.

4

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். முதல் கேள்வியே அதுதான்.

"ஏன் மேல படிக்கணும்னு நினைக்கிறீங்க?"

மறுபடியும் காற்றாடி. நான் எழுதிக் கொடுத்த சபதம் தொண்டை வரை வந்ததாம். அதற்குள் படியில் தான் ஒப்பித்த பலவீனமும் குலுங்கிய தோளும் ஞாபகம் வர, சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், சிரித்தபடியே சொன்னாள்:

"எனக்குப் படிக்கப் பிடிக்கும் மேடம். வேற காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கலை."

நடுவில் இருந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அறுவை முடிந்து வந்த நோயாளி திடீரென்று நிலைகொள்ளாமல் குழாய்களைப் பிடுங்கினால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இது வார்டு விஷயம். இங்கே புயலை நிறுத்த ஆளில்லை. பக்கத்தில் போய் முதலில் மூச்சைப் பார்ப்பேன், ஆக்சிஜன், நாடி, பிரஷர், தையலில் ரத்தக் கசிவு, ஒருவேளை சிறுநீர் முட்டுகிறதோ என்னவோ; தூக்க ஊசி பற்றிய பேச்சு அதற்கெல்லாம் பிறகு என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

கடைசியில், எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா என்றார்கள்.

இதற்கு அழகான கேள்வி ஒன்று தயாராக இருந்தது, ஆராய்ச்சி வசதிகள் பற்றி. வாயில் வந்தது வேறு.

"இந்தப் பக்கம் தண்ணி எப்பெல்லாம் வரும் மேடம்?"

இடப்பக்கத்துப் பேராசிரியர் தினமும் காலையில் வரும் என்றார். வலப்பக்கத்தவர், உங்கள் தெருவில் வரும், எங்கள் தெருவில் எங்கே வருகிறது என்றார். அம்மையார் இரண்டு பேரையும் அடக்க வேண்டியதாயிற்று. புயல் வெளியே வந்தபோதும் உள்ளே தண்ணீர்ப் பிரச்சினை ஓயவில்லை.

5

வாசலில் கணவர் நின்றிருந்தார். கையில் அந்த அறையின் சாவி. இவர் ஏதோ பேசியிருக்கிறார், வீட்டுக்காரம்மாவும் கேட்டிருக்கிறார். என்ன பேசினார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

புயலுக்குக் கோபம் வந்தது. "காலேஜ்ல இடம் கிடைக்கலைன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"அடுத்த வருஷம் திரும்ப இன்டர்வியூவுக்கு வருவ இல்ல? அப்ப தங்க இடம் வேண்டாமா?"

(இதற்குப் பிறகு ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று விவரிக்கும் பத்தி. எவ்வளவு எழுதினாலும் சரியாக வரவில்லை.)

6

முடிவு.

முதல் முடிவில் இடம் கிடைக்கிறது. மகள் சலவைக் கடை வாசலில் ஆடுகிறாள். இரண்டாவதில் கிடைக்கவில்லை. ஜன்னலோரம், பஸ், அடுத்த வருடம். மூன்றாவதில் லாரி ஓட்டுநர்... அதை விடுங்கள்.

கல்லூரி தன் முடிவைச் சொல்லிவிட்டது, எனக்கும் தெரியும். ஆனால் நான் கதையை அந்தச் சாயங்காலத்தோடு விட்டுவிடப் போகிறேன். ஊர் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் இருவரும் அந்தக் காலி அறைக்குப் போனார்கள். படிக்கும் மேசையை எங்கே போடுவது என்று பேச்சு வந்தது. ஜன்னலோரம் என்கிறாள் அவள். வெயிலில் கண் கூசும், எதிர்ச்சுவர்தான் சரி என்கிறார் அவர். இல்லாத மேசையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் உள்ளே போய், மேசைக்கு எந்தச் சுவர் என்று சொல்லிவிடுங்கள்.