பதினேழு சாவிகள்

ஜஹாங்கீர் பாயின் கராஜுக்குப் போய்விட்டால் இசக்கிசெல்வியின் வேன் பரம சாது. எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஓடும். தாராவியிலிருந்து செம்பூர் பள்ளிக்கு ஒன்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால்தான் அதற்குக் கொழுப்பு. நடுரோட்டில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும்.

திங்கட்கிழமை பாலத்து இறக்கத்தில் நின்றது. பின்னால் வந்த பஸ் ஒரு சாண் இடைவெளியில் பிரேக் போட்டது. பிள்ளைகள் அலறிய அலறல் மூன்று நாளாக இசக்கியின் காதைவிட்டுப் போகவில்லை.

பரீஹாவின் அம்மா மெஹக் அன்றைக்கே சந்தில் வழிமறித்தாள். “அக்கா, ஒங்க மேல எனக்கு முழு பரோசா, நம்பிக்க இருக்கு. அந்த வண்டி மேலதான் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாவலன்னா பரீஹாவ அனுப்ப மாட்டேன்.”

மெஹக் நிறுத்தினால் மற்ற எட்டு வீடும் நிறுத்தும். இசக்கிக்கு இந்த ஓட்டத்தை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

பாய் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். வயர் வயராகத் தடவிப் பார்த்தார். வியாழக்கிழமை மதியம் கையைத் துடைத்துக்கொண்டே, “செம்பூர் வரைக்கும் ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன் தங்கச்சி. எங்கயும் நிக்கலயே” என்றார்.

“அப்ப நான் பொய்யா சொல்லுதேன்?”

“நான் அப்படிச் சொன்னனா?”

“ஏறுங்க பாய். இப்ப நான் ஓட்டுதேன். நீங்களே பாருங்க.”

கோபத்தோடு வேன் சாவியை வாங்கி, வழக்கம்போல இடுப்பிலிருந்த பெரிய வளையத்தில் கோத்துக்கொண்டாள். அவள் குடியிருக்கும் சந்தில் எல்லாரும் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள். மதியம் தண்ணீர் வரும்போது வீட்டைத் திறந்து டிரம் நிரப்ப ஆள் வேண்டுமே என்று சாவியை இசக்கியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பதினொரு வீட்டுச் சாவி, ஆறு குழாய்ப் பூட்டுச் சாவி. அடுத்தவர் வீட்டுச் சாவியைக் கராஜில் விட்டு வரலாமா? அதனால் பாயிடம் எப்போதும் வேன் சாவியை மட்டும்தான் கழற்றிக் கொடுப்பாள்.

கொத்தோடு சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள். மூன்றாவது குழியில் டமாரென்று இறங்கியதும் வேன் நின்றது.

“பாத்தீங்களா!” என்றாள். நின்றதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாய் இன்ஜின் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த கொத்தையே பார்த்தார். “மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க” என்று சொல்லி, கொத்தைக் கையில் தாங்கிக்கொண்டார். அடுத்த இரண்டு குழியிலும் நிற்கவில்லை. மூன்றாவதில் கையை எடுத்தார். நின்றது.

“இந்தக் கனம் வருசக்கணக்கா தொங்கி, சாவி போடுற சுவிட்ச் தேஞ்சு போச்சு. குலுங்குனா தானா ஆஃப் ஆவுது. சாயங்காலமே புதுசு போட்டுடுறேன். பார்ட் கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க, போதும். கொத்து கதையெல்லாம் எதுக்கு?”

சொல்லாமல் இருக்கலாம்தான். ஆனால் வீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். வாசலுக்கும் துணிக்கொடிக்கும் நடந்தாள். கொத்தில் இருப்பதிலேயே பெரிய சாவி மெஹக் வீட்டுப் பித்தளைச் சாவி. அதைத் தனியே கழற்றி, திருப்பிக் கொடுக்க அந்த வீட்டுப் படியேறினாள்.

“வண்டி மேல தப்பில்ல மெஹக். நாந்தான் எல்லாச் சாவியவும் அதுல தொங்கவிட்டேன். என்னாலதான் நின்னுச்சு. பிள்ளைகள நாந்தான் பஸ்ஸுக்கு முன்னாடி நிறுத்திட்டேன்.”

மெஹக் கையை நீட்டினாள். சாவியை வாங்கிக்கொண்டாள். கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் காலை எட்டுப் பிள்ளைகள் ஏறியாகிவிட்டது. வேன் சாவி ஒற்றையாக ஒரு சிவப்பு நூலில் தொங்கியது. இசக்கி சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் ஆனது. இனி காத்திருந்தால் பள்ளி மணி அடித்துவிடும் என்று கியரைப் போட்டபோது, பரீஹா பையை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கையில் அந்தப் பித்தளைச் சாவி.

“உம்மா குடுக்கச் சொன்னாங்க பெரியம்மா. ஒங்க இடுப்புல வச்சுக்கிடணுமாம். வண்டியில மாட்டக் கூடாதாம்.”