ம் கொட்டிய பெண்

சிராங்கூன் ரோட்டில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய மறு வருஷம், அதாவது 1906இல், நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அப்துல் முத்தலிபு வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த ராஜகல்யாணப் படத்திலிருந்து மணப்பெண்ணின் முக்காடு ஒரு சாண் நீளத்துக்கு வெளியே வளர்ந்திருந்தது. அன்றைக்குத் தெருவில் முதலில் பேசப்பட்டது மிளகாய் விலை ஏறியதைப் பற்றி, முக்காடு இரண்டாவதுதான். முத்தலிபின் மூத்த மகள் ஹலீமா துணியைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல சீமை லேஸ். வீணாக்குவானேன் என்று கத்தரிக்கோலால் வெட்டிப் பால் பாத்திரத்துக்கு வேடு கட்டினாள். மறுநாள் காலையில் நான்கு விரல் மறுபடியும் வளர்ந்து நின்றது.

இதற்கெல்லாம் காரணம் யார் என்று பின்னாளில் கேட்டவர்களிடம் ஹலீமா தன்னைத்தான் சொன்னாள். உம்மா மௌத்தாகித் தாயில்லாப் பிள்ளைகளானபோது அவளுக்கு ஒன்பது வயது, தங்கை பதுருன்னிசாவுக்கு ஏழு. தங்கையை ஓரிடத்தில் உட்கார்த்தி அரிசியில் கல் பொறுக்க வைக்க வேண்டுமென்றால் கதை சொல்லியாக வேண்டும். கதை கேட்கிறவர் ம் கொட்ட வேண்டும். ம் நின்றால் கதையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஏழு கடலுக்கு அப்பால் ஓர் அரசகுமாரி, ம், அவளுக்குக் கணுக்கால் வரை கூந்தல், ம், என்று முறத்தில் கல் தீரும் வரை போகும். கல் தீர்ந்தால் உலை வைக்க வேண்டும். அதனால் ஹலீமாவின் கதைகள் அத்தனையும் கல்யாணத்தோடு முடிந்தன. பிறகு என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரியாது. “சந்தோஷமா இருந்தாங்க, எந்திரிடி” என்பாள். பத்து வருஷம் இப்படிப் போயிற்று. பதுருன்னிசாவுக்குப் பதினேழு வயதானபோது, கல்யாணத்துக்கு மறுநாள் என்று ஒன்று உண்டு என்பதே அவள் நினைப்பில் இல்லை.

முத்தலிபின் மசாலாக் கடையில் பொட்டலம் கட்டப் பழைய இங்கிலீஷ் படப் பத்திரிகைகள் நிறுவைக்கு வந்து இறங்கும். அதில் வந்ததுதான் அந்தப் படம். எந்த ராஜா, எந்தச் சீமை என்று வாசித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஆறு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டி, தரையெல்லாம் புரளும் முக்காட்டோடு ஒரு பெண், பக்கத்தில் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் முகத்தில் மட்டும் நல்லெண்ணெய்க் கறை படிந்து, மூக்கும் கண்ணும் இருந்த இடம் கறுத்துப் போயிருந்தது. “முகமே இல்லையேடி” என்றாள் ஹலீமா. “முகம் எதுக்கு லாத்தா? ராஜாதானே” என்று சொல்லிக்கொண்டே தங்கை கஞ்சிப் பசை தடவி ஒட்டினாள். தெருப் பெண்பிள்ளைகள் லுஹர் தொழுகை முடிந்ததும் வந்து படத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். பார்க்கப் பார்க்க அவர்களை அறியாமலே ம் என்பார்கள். ஒரு ம்முக்கு ஒரு நூல் வீதம் முக்காடு வளர்ந்தது.

அந்தத் தெருவில் நிக்காஹ் என்றால் சம்மதம் கேட்கப் பெண்ணைப் பெற்ற வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் திரைக்கு வெளியே வந்து நிற்பார்கள். பெண் வெட்கத்தோடு ஒரு ம் சொன்னால் போதும். சாட்சிகள் அல்ஹம்துலில்லாஹ் என்பார்கள், காரியம் முடிந்துவிடும். நெய்னா முகம்மதுவும் ஒலி முகம்மதுவும் நாற்பது வருஷமாகச் சாட்சி நின்றவர்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இருவரும் முத்தலிபோடு கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். திரைக்கு உள்ளே கல் பொறுக்கல். “அரசகுமாரன் கேட்டான், பெண்ணே, என்னோட வர உனக்குச் சம்மதமா?” என்றாள் ஹலீமா. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பதுருன்னிசா, “ம்” என்றாள். கூடத்தில் இரண்டு கிழவர்களும் பழக்க தோஷத்தில் கோப்பையைக் கீழே வைத்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்கள். முத்தலிபு ஆமீன் வேறு சொல்லி வைத்தார். பிறகு மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு தஞ்சோங் பகார் துறைமுகப் பக்கம் மேளம் கேட்டது. மேளக்காரர்கள் யாரும் தென்படவில்லை. அதற்கடுத்த வெள்ளி அது சௌத் பிரிட்ஜ் ரோட்டுக்கு வந்தது, பிறகு ஆற்றைத் தாண்டியது. டிராம் போக வழிவிட்டு நின்று, பிறகு நகர்ந்தது என்று வண்டியோட்டிகள் சொன்னார்கள். தங்கை சொன்ன ம்முக்குத்தான் மாப்பிள்ளை மேளம் வருகிறது என்று ஹலீமாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒலி முகம்மதுவைத் தேடிப் போனாள்.

“நீங்க கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாமா.”

“கேட்டதைக் கேக்கலைன்னு எப்படிம்மா சொல்றது? நான் சாட்சிக்காரன்” என்றவருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் சொல்லவில்லை.

ஹலீமா கதையையே மாற்றிப் பார்த்தாள். அரசகுமாரி மாட்டேன் என்று சொல்கிற கதை, குதிரைகள் வழி தவறிப் போகிற கதை. பதுருன்னிசா உதட்டை இறுக்கிக்கொண்டாள். ம் இல்லாமல் கதை வாசலிலேயே நின்றது. “எனக்கு ஒழுங்கான கதை சொல்லு லாத்தா. நான் போறேன்ல, சிரிச்சுக்கிட்டு அனுப்பு” என்றாள். முக்காடு இப்போது பாயைத் தாண்டி அவள் கால்மாட்டுக்கு வந்திருந்தது. வெட்ட வந்த மூன்று கத்தரிக்கோல்கள் முனை மழுங்கிப் போயின.

பதினோராவது வெள்ளிக்கிழமை, நல்ல வெயிலில், மேளம் வாசலுக்கு வந்து நின்றது. தெருவில் ஓர் ஆளும் இல்லை. ஆறு குதிரைகளின் சாணம் மட்டும் புதிதாகக் கிடந்தது. ஹலீமா தங்கையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேளம் நின்றபோது அவள் கையில் ஒரு முழம் லேஸ்தான் இருந்தது. படத்தில் வண்டிக்கு முன்னால், பழைய மணப்பெண் நின்ற இடத்தில், பதுருன்னிசா நின்றாள். தரையில் முக்காட்டைக் காணோம், யாரோ மீதி முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். எண்ணெய்க் கறை மாப்பிள்ளையின் முகத்திலிருந்து அவன் கைக்கு இறங்கி, அவள் தோள்வரை பரவியிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. வெளியே, முறம் இருந்த பக்கம் பார்த்தாள்.

முத்தலிபு மூன்று நாள் கடை திறக்கவில்லை. நாலாம் நாள்தான் ஹலீமாவுக்கு உறைத்தது: தான் கதை சொல்லிக் கொடுத்தது கல்யாணம் வரைதான். தங்கை போன இடத்தில் அடுத்த வேளைச் சோறு கிடையாது, மறுநாள் விடியல் கிடையாது. சொன்னால்தான் உண்டு. முறத்தை எடுத்துப் படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். “மறுநாள் பொழுது விடிஞ்சிச்சு. அரசகுமாரி எந்திரிச்சு முகம் கழுவுனா” என்றாள். பசியாற ஆப்பம் வைத்தாள். ஒரு சன்னல் வைத்தாள். வெளியே பார்க்க ஒரு தெரு, தெருவில் டிராம். மாப்பிள்ளை வெளியூர் போனான் என்றாள். அடுத்த நாளும் அவனை அனுப்பி வைத்தாள்.

பிறகு ஹலீமாவுக்குக் கல்யாணமாயிற்று, படம் அவளோடு புகுந்த வீட்டுக்குப் போனது. பிள்ளை பெற்ற நாளிலும், வாப்பா மௌத்தான நாளிலும், சீமையில் பெரிய சண்டை மூண்டு அரிசி கிடைக்காமல் முறம் வெறுமையாக இருந்த நாட்களிலும் அவள் ஒரு பொழுதும் தவறவில்லை. மாப்பிள்ளையைத் திரும்ப விடாமல் இருக்க ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் காரணம் வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் யாரும் அதை அதிசயமாகப் பேசவில்லை. பெண்பிள்ளைகளுக்குக் கதை சொன்னால் ம்முக்குப் பதில் “அப்புறம்?” என்று கேட்கப் பழக்கினார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்த ஹலீமா கதையை நிறுத்தி, “சுகமா இருக்கியாடி?” என்று கேட்டாள். சுவரிலிருந்து “ம்” என்று வந்தது. அது பதிலா, கதைக்குக் கொட்டிய ம்மா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. முறத்தை உதறிக்கொண்டு, “அன்னைக்கும் அவன் வரலை” என்று தொடர்ந்தாள்.