சப்பரத்துக்குப் பின்னால் வந்த பேருந்து

எங்கள் மலை ஊரைக் காக்கும் புனிதர் சான் ரோக்கோவின் திருவிழாவன்று காலை பத்து மணிக்கு நிவேஸ் தன் பெட்டியைப் பேருந்து டிக்கியில் வைத்தாள். ஓட்டுநர் ஃபாவுஸ்தோவைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. விடுமுறை நாளில் எங்கள் ஊருக்கு ஒரே பேருந்துதான். பத்து மணிக்கு மலையேறி வரும், பதினொன்றரைக்குத் திரும்ப இறங்கும். அதற்குள் நாங்கள் எல்லோரும் கீழே சிற்றாலயத்துப் பூசையில் மண்டியிட்டிருப்போம், வாசலைத் தாண்டிப் பேருந்து போவதை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அவள் போட்ட கணக்கு அது.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. தாய் இறந்த நாளிலிருந்து பத்தொன்பது வருடமாக அப்பா கொத்தார்தோவையும் ஏழு மாடுகளையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். தம்பி துல்லியோ துரின் நகரத்தில் வேலை பார்க்கிறான். ஆகஸ்டில் பத்து நாள் வருவான், மலைக்காற்று நல்லது என்பான், போய்விடுவான். அந்தப் பத்து நாளுக்குள்தான் அவள் கிளம்ப முடியும். அப்பாவைத் தனியாக விட அவளுக்கு மனம் வரவில்லை. கடலோரத்தில் சவோனாவில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை சொல்லி வைத்திருந்தாள். பேருந்தில் உட்கார்ந்த பிறகு தம்பிக்குப் போன் செய்வதாக இருந்தாள்.

ஆனால் அன்று விடியற்காலையில் ரென்ட்சோ விருந்துக்குப் பொலெந்தா என்னும் சோளக்களி கிண்டும் அண்டாவைத் தூக்கப்போய் முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். அவன் சப்பரம் தூக்கும் எங்கள் எட்டுப் பேரில் ஒருவன். எட்டுப் பேரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சப்பரத்தில் இருக்கும் சான் ரோக்கோவின் சுரூபம் சாயும். விழாவை நடத்தும் எர்கோலே வியர்த்து வழிய ஊரெல்லாம் ஓடினார். நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தவர்களின் பையன்கள் குட்டையாக இருந்தார்கள், அல்லது தோள் வலிக்கும் என்றார்கள். அப்போது பேருந்துப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த நிவேஸ் அவர் கண்ணில் பட்டாள்.

"நிவேஸ், உன் உசரம் இன்னிக்கு ஊருக்கு வேணும்."

"பொம்பளைங்க சப்பரத் தண்டைத் தொடக்கூடாதுன்னு போன வருஷம் சொன்னது யாரு? நீங்கதானே?"

"போன வருஷம் ரென்ட்சோவுக்கு முதுகு இருந்துச்சு."

"எனக்கு வயித்து வலி, எர்கோலே."

"கொள்ளை நோயையே விரட்டினவரு சான் ரோக்கோ. உன் வயித்து வலி அவருக்கு எம்மாத்திரம்? வா."

கோயில் வாசலில் நின்றிருந்த பெண்கள் கைதட்டினார்கள். முதல் முதலாக ஒரு பெண் சப்பரம் தூக்கப்போகிறாள் என்று அவர்களுக்குச் சந்தோஷம். ஒருத்தி ரென்ட்சோவின் சிவப்புத் துண்டை அவள் கழுத்தில் சுற்றினாள். அதற்குமேல் அவளால் என்ன சொல்ல முடியும்?

இரண்டாம் வரிசையில் எனக்கு இடப்பக்கம் அவளை நிறுத்தினார்கள். அவளுக்கு முன்னால், எட்டுப் பேரில் இன்னொருவனான தம்பி துல்லியோ. இந்தக் குழப்பத்தில் பதினொன்றேகாலுக்குத்தான் சப்பரம் கிளம்பியது. பேண்டு வாத்தியம் முன்னால், பங்குச் சாமியார் அதற்குப் பின்னால், அப்புறம் நாங்கள், எங்களுக்குப் பின்னால் ஊர். கீழே இறங்க எங்களுக்கு இருப்பது ஒரே சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும்.

முதல் வளைவு தாண்டியதும் பின்னால் பேருந்தின் உறுமல் கேட்டது. நிவேஸ் தலையைத் திருப்பப் பார்த்தாள். முடியவில்லை. ஒரு பக்கம் தண்டு, மறுபக்கம் என் தோள். வெயில் நேரே உச்சந்தலையில் இறங்கியது. அவள் உதடு வெளுத்திருந்தது. கனம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

இரண்டாம் வளைவில் முட்டுக்கோல்களைத் தண்டுக்குக் கொடுத்து இளைப்பாறினோம். பேண்டும் நின்றது. அந்த அமைதியில் ஃபாவுஸ்தோ பேருந்து ஜன்னலிலிருந்து கத்தினான்.

"நிவேஸ்! உன் பெட்டி என் வண்டியிலதான் கெடக்கு! நீ வர்றியா, இல்ல பெட்டி மட்டும் சவோனா போகணுமா?"

பேருந்துக்கும் எங்களுக்கும் நடுவே ஊரே நின்றிருந்தது. எல்லோருக்கும் கேட்டது. அவன் கெட்டவனில்லை, நேரமாகிறதே என்று கேட்டான், அவ்வளவுதான்.

துல்லியோ திரும்பவில்லை. முட்டுக்கோலைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டான். "என்ன பெட்டி?"

"என் பெட்டிதான்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் கழுத்துத் துண்டால் நெற்றியைத் துடைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"உனக்கே இப்பத்தானே தெரியுது."

எர்கோலே ஓடி வந்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். சான் ரோக்கோவைப் பாதி வழியில விட்டுட்டுப் போனவங்க இந்த ஊர்ல கிடையாது. தூக்கு, தூக்கு!"

தூக்கினோம். அவளும் தூக்கினாள். இன்னொரு அரை கிலோமீட்டர் நடந்தோம். அந்தத் தூரம் முழுக்க அவள் கண் முன்னால் இருந்தது தம்பியின் பிடரி மட்டும்தான். வெயிலில் சிவந்து, புதிதாக முடி வெட்டிய பிடரி. அந்தப் பிடரியிலிருந்து வருவதுபோல அவன் குரல் வந்தது.

"நான் ஞாயித்துக்கிழமை திரும்பணும். எனக்கு வேலை இருக்கு. அப்பாவை யாரு பாக்கறது?"

"தெரியல."

"தெரியலன்னா? மாடு? இவ்வளவு வருஷம் நீதானே பாத்துக்கறே, எல்லாம் நல்லாத்தானே போகுது?"

"யாருக்குடா நல்லாப் போகுது?" என்றாள் அவள்.

மூச்சு வாங்கியது அவளுக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

மூன்றாம் வளைவில் மறுபடி முட்டுக்கோல் கொடுத்தோம். அவள் குனிந்து தண்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். துண்டைக் கழற்றித் தண்டின்மேல் போட்டாள். கூட்டத்துக்குள் நடந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் வழியும் விடவில்லை. ஒவ்வொருவராக ஒதுக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. காலையில் கைதட்டிய பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேருந்துக் கதவு திறந்து மூடும் சத்தம் எனக்குக் கேட்டது.

எர்கோலே கூப்பிட்ட யாரும் முன்வரவில்லை. ஏழு பேராகத் தூக்கினோம். சுரூபம் இடப்பக்கம் சாய்ந்தது. அவள் பாரத்தில் பாதி என் மேல் வந்தது. சான் ரோக்கோவின் காலடியில் நிற்கும், மரத்தால் செய்த நாய் கீழே விழுந்துவிடுமோ என்று சாமியார் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அன்று நான் அவளைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன்.

ஆனால் அவளும் எங்கும் போய்விடவில்லை. முன்னால் சப்பரம் நகர்ந்தால்தானே பேருந்து நகரும்? ஆட்டு மந்தைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வண்டிபோல அது எங்கள் பின்னால் ஊர்ந்தது. பயணி அவள் ஒருத்திதான். கண்ணாடிக்கு வெளியே ஊர் முழுவதும் நடக்கிறது, ஐந்தடிக்கு ஒருமுறை யாராவது திரும்பி அவளைப் பார்க்கிறார்கள். முதலில் இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டாளாம். உள்ளே புழுக்கம் தாங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தாளாம். "இறங்கணும்னா இறங்கிக்கோ, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றானாம் ஃபாவுஸ்தோ. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். நாற்பது நிமிடம் அப்படியே போனது.

சிற்றாலயத்தில் சாலை அகலம். சப்பரத்தை இறக்கினோம். பேருந்து எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னேறியது. அவள் அப்பா கொத்தார்தோவைக் காலையிலேயே காரில் கொண்டுவந்து சிற்றாலய வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். செய்தி எப்படியோ எங்களுக்கு முன்னால் அவரிடம் வந்திருந்தது. எழுந்து போய்ப் பேருந்தை மறித்து நிறுத்தினார். கைத்தடியைப் பேருந்தின் முன் சக்கரத்துக்கு அடியில் குறுக்கே வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இறங்கு," என்றார்.

நிவேஸ் ஜன்னலைத் திறந்தாள். "கோலை எடுப்பா."

"சாயங்காலம் யாரு பால் கறக்கறது?"

"துல்லியோ கறப்பான்."

"அவனுக்குக் காம்பு எது, வாலு எதுன்னு தெரியாது."

யாரோ சிரித்தார்கள். அவளும் அவரும் சிரிக்கவில்லை.

"கோலை எடுப்பா, உன் விரல் நசுங்கிடும்," என்றாள் மறுபடியும். இருக்கையை விட்டு எழவில்லை.

துல்லியோதான் போனான். தோளைத் தேய்த்துக்கொண்டே போய் அப்பாவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினான். கிழவர் திமிறினார், பிறகு துவண்டார். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே அவன் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள போன் பண்ணு. போ."

பேருந்து போனது. பூசை மணி அடித்தது. நாங்கள் உள்ளே போனோம்.

அவள் போன் செய்தாள், ஆனால் வரவில்லை. துல்லியோ பால் கறந்து பழகினான். கை வீங்கி, இன்னொரு வாரம் விடுப்பு எடுத்தான். செப்டம்பரில் மாடுகளை எர்கோலேவுக்கு விற்றுவிட்டு அப்பாவைத் துரினுக்கு, நாலாவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே கிழவர் பகலெல்லாம் பால்கனியில் நின்று கீழே டிராம் போவதைப் பார்க்கிறாராம். அது யார் செய்த பாவம் என்று எங்கள் ஊர் மதுக்கடையில் இன்னும் பேசுகிறார்கள்.

குளிர்காலத்தில் பல் பிடுங்கச் சவோனா போனபோது நான் அவளைப் பார்த்தேன். ரொட்டிக் கடையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறையில் நின்றிருந்தாள். கை முழுக்க மாவு.

"இங்கயும் அடைச்சுத்தான் வெச்சிருக்காங்க போல," என்றேன் விளையாட்டாக.

"ஆமா. ஆனா ஒரு மணிக்குத் திறந்து விட்டுடுவாங்க," என்றாள்.

திரும்ப வர நினைத்தாளா என்று கேட்டேன்.

"அன்னிக்குப் பேருந்து வேகமாப் போயிருந்தா, அடுத்த ஊர்லயே இறங்கி நடந்து வந்திருப்பேன்," என்றாள். "நாற்பது நிமிஷம் எல்லாரும் பாத்தீங்களே. அப்புறம் எப்படித் திரும்பறது?"

அடுப்பில் ரொட்டி கருகும் வாசனை வந்தது. பேச்சை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.