ஆவி பறக்கும் படம்

டம்ளரிலிருந்து எழும் ஆவி படத்தில் விழ வேண்டுமென்றால், வெளிச்சம் பின்பக்கத்து ஓரத்திலிருந்து வர வேண்டும். ஆவிக்கு நேர் பின்னால் இருட்டு இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எவர்சில்வர் டம்ளரைக் கடைத் துணியால் பளபளவென்று துடைத்து, போனைச் சற்றே கோணலாகப் பிடிப்பாள். நேராக எடுத்தால் வேண்டுமென்றே எடுத்த படமென்று காட்டிக்கொடுத்துவிடும். இது போகிற போக்கில் எடுத்ததாகத் தெரிய வேண்டும். சுகமாக வாழ்கிறவர்கள் அப்படித்தானே எடுப்பார்கள்.

ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். யார் யார் பார்த்தார்கள் என்று போனே சொல்லும். முதல் ஆள் எப்போதும் அண்ணிதான். அந்தப் பெயர் வந்து விழுந்த பிறகுதான் டீ தொண்டையில் இறங்கும்.

புருஷனை விட்டு வந்தவளை அண்ணன் வீட்டிலிருந்தும் கிளப்பிவிட்ட நாளில், சொந்தக்காரர்கள் பார்க்க அண்ணி சொன்னது ஒரே வாக்கியம்: "நீ போற இடத்துல ஒரு ஜன்னல்கூட இருக்காது, பாத்துக்க." அண்ணன் செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்தே நின்றான்.

அண்ணி வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது. வாடகை அறையில் நான்கு பக்கமும் சுவர். கடையில் கழித்துப்போட்ட விளம்பர விளக்குப் பெட்டியைத் தூக்கி வந்து சுவரில் மாட்டி, மேலே வெள்ளைத் திரையைத் தொங்கவிட்டாள். காலை வெயில் தோற்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் ஜன்னல் உண்டு.

அண்ணியும் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு படம்: மேசையில் நாலு தட்டு, நடுவே எவர்சில்வர் ஜக். 'எங்க குடும்பம்.' இவள் விரல்களால் ஜக்கைப் பெரிதாக்கினாள். வளைந்த பளபளப்பு அறையையே விழுங்கி வைத்துக்கொள்ளும். நாற்காலிகள் காலி. போனைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணி மட்டும், கட்டெறும்பு அளவுக்கு.

வயிற்றில் பால் வார்த்தது. அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டாள். சொந்தக்காரர் குரூப்பில் போட்டு நாறடிக்கலாம்தான். ஆனால் முகம் கருகுவதை முதலில் தனியாக ருசிக்க வேண்டும். அண்ணிக்கு மட்டும் அனுப்பினாள்: "நாலு தட்டுக்கும் நீங்க ஒருத்திதானா அண்ணி?"

பதிலுக்கு ஒரு படம் வந்தது. இவளுடைய படம்தான், இவள் போட்ட முதல் படம். டம்ளரின் வயிற்றில் ஒரு சிவப்பு வட்டம். அதற்குள் இவளுடைய ஜன்னல், ஜன்னலின் அடியிலிருந்து பிளக் வரை தொங்கும் கறுப்பு வயர். தினமும் துடைத்துத் துடைத்து டம்ளரைக் கண்ணாடியாக்கியதே இவள்தான்.

கீழே இரண்டு வரி:

"அன்னைக்கே பாத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நீ போடுறத நிறுத்திடுவ."

காது மடல் எரிந்தது. அது இரக்கமா, ஏளனமா? இரக்கமாக மட்டும் இருக்கக் கூடாது.

மறுநாள் டீ போட்டாள். வயரை மறைக்கத் திரையை இழுத்தவள், பாதியில் கையை எடுத்தாள். டம்ளரை ஓரமாகத் தள்ளிவிட்டு, வயர் நட்டநடுவில் விழும்படி, போனை நேராகப் பிடித்து எடுத்தாள். அண்ணி ஒருத்திக்கு மட்டும் தெரியும்படி போட்டாள்.

டீயில் ஆவி அடங்கியது. மெல்லிய ஆடை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படர்ந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் டம்ளரைத் தொடவில்லை.