பஞ்சமத்தை விழுங்கிய தம்பூராக்காரி

அக்கரைக்காரர்கள் இக்கரையின் 'ப' சுரமான பஞ்சமத்தைத் திருடிக்கொண்டு போய் ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. அதன்பிறகு இக்கரையில் யார் பாடினாலும் மத்திமத்திலிருந்து நேராகத் தைவதத்துக்குத் தாவ வேண்டியிருந்தது. தாவும்போது சிலர் விழுந்தார்கள். வேதவல்லியின் அண்ணன் விழுந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

பஞ்சமத்தை மீட்டுவர உளவுத்துறை வேதவல்லியைத்தான் அனுப்பியது. அவள் தம்பூரா போடுகிறவள். மேடையில் தம்பூராக்காரியின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

அக்கரையின் பெரிய சபாவில், பாடகர் ஆபத்சகாயத்துக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவர் பஞ்சமத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். அது காற்றில் தனியாக நின்றது. கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து வேதவல்லி அதை விழுங்கினாள். ஆபத்சகாயம் தைவதத்துக்குத் தாவி விழுந்தார். சபை கைதட்டியது.

படகுத்துறையில் சோதனை நடந்தது. பஞ்சமம் வராதவர்கள் இக்கரை ஒற்றர்கள். அவர்களைக் கரையிலேயே நிறுத்திவிடுவார்கள். பலர் நின்றுகொண்டிருந்தார்கள். சிலருக்கு முழங்கால்வரை பாசி ஏறியிருந்தது.

"ச, ப, ச பாடுங்கம்மா" என்றார் அதிகாரி.

வேதவல்லி தம்பூராவை அணைத்துக்கொண்டாள். பாடாவிட்டால் நிற்க வேண்டியதுதான். பாடினாலோ வெளியே வரும் பஞ்சமம் அக்கரைக் காற்றோடு போய்விடும்.

"தொண்டை கட்டியிருக்கு சார்."

"கட்டின தொண்டையிலயும் பஞ்சமம் வரும்மா."

"அப்ப தம்பூராவுக்குள்ள பாடுறேன். அது கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும்."

குடத்தின் மேல் பலகையிலிருந்த துளையில் வாயை வைத்துப் பாடினாள். அதிகாரி குடத்தில் காதை ஒட்டிக் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

"சுத்தமா இருக்கு. போங்க."

அவள் வாயை எடுத்த வேகத்தில் கட்டைவிரலால் துளையை அடைத்துக்கொண்டாள். படகில் வழி நெடுக அது உள்ளிருந்து விரலை முட்டியது. மரத்துப்போன விரலை அவள் எடுக்கவேயில்லை, உளவுத்துறைக் கூடத்தில் கதவுகளைச் சாத்தும்வரை.

பஞ்சமம் வெளியே வந்ததும் அண்ணன் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாராம். செய்தி வந்தபோதும் அவளுக்கு யாரோ பின்தொடர்வதுபோலவே இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

வாசற்படியில், இரண்டு கரைகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய எல்லைக்கோடு படுத்திருந்தது. அவள் பின்னாலேயே வந்து, முந்திக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் அவள் கணவன் தாமோதரன் நின்றுகொண்டிருந்தான்.

"பாஸ்போர்ட் இருக்கா, வல்லி?"

எடுத்துக் கொடுத்தாள். போட்டோவையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எத்தனை நாள் தங்குறதா உத்தேசம்?"

"ரெண்டு நாள்" என்றாள்.

அவன் வழிவிட்டான்.