நான்காம் மேஜைக்கு வந்தவர்

மகாங்கே ஊரில் ஓடும் ஆறு, தான் இழுத்துக்கொண்ட ஆட்கள் எல்லாரையும் திருப்பிக் கொடுத்துவிடாது. வலை வீசப் போன வில்ஃப்ரிதோவின் படகு மட்டும்தான் கரைக்கு வந்தது.

வீடு அவர் பேரில். சடலம் இல்லையென்றால் சாவும் இல்லை என்கிறது சட்டம். அந்தத் தைரியத்தில் அவருடைய தம்பி, "எங்கண்ணன் வீடு, காலி பண்ணு!" என்று தினமும் வாசலில் வந்து கத்தினான். வில்ஃப்ரிதோவின் மனைவி எனெய்தா சட்டக் கல்லூரியின் இலவச உதவி மையத்துக்கு ஓடி வந்தாள். நான்காம் மேஜையில் லெய்திஸ் இருந்தாள். கடைசி வருட மாணவி. இந்த வழக்கை முடித்தால்தான் அவளுக்கு மதிப்பெண், அது வந்தால்தான் பட்டம்.

"டாக்டரம்மா, என் தலைக்கு மேல கூரை நிக்கணும். வேற எதுவும் வேணாம்."

வக்கீலை டாக்டர் என்று கூப்பிடும் ஊர்தான். இருந்தாலும் பட்டமே வாங்காத லெய்திஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

காணாமல் போனவரை இறந்தவர் என்று தீர்ப்பு எழுதும் முன், வானொலியில் மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வரவில்லையா, செத்தவர்தான். அறிவிப்பை லெய்திஸ் எழுதினாள். 'நீதிமன்றத்துக்கு வரவும்' என்று எழுத வேண்டிய இடத்தில், வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியதையே எழுதித் தொலைத்தாள்: 'உதவி மையம், நான்காம் மேஜை.' பேராசிரியர் பார்ரியோஸ் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். நீதிமன்றத்தில் மட்டும் யார் படிக்கிறார்களாம்!

ஞாயிறன்று வானொலி கூப்பிட்டது. திங்கள் காலை, அவள் மேஜைக்கு எதிர் நாற்காலி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"உன் கட்சிக்காரங்க அழுத கண்ணீரா இருக்கும்டி," என்று பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள். லெய்திஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றுச் சேற்று வாடை அடித்தது.

இரண்டாம் முறை கூப்பிட்ட மறுநாள், வாசலிலிருந்து நாற்காலி வரை ஈரக் காலடிகள். திரும்பிப் போன காலடி ஒன்றுகூட இல்லை. ஐயோ, இங்கே வரச் சொன்னது நான்தானே! வெளியே சொன்னால் வழக்கு போச்சு, பட்டம் போச்சு, எனெய்தா தெருவில். ஈர நாற்காலியைச் சாட்சி என்று எந்த நீதிபதியிடம் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் முறைக்கு மறுநாள் எனெய்தாவே வந்துவிட்டாள். மறுபடி நனைந்திருந்த நாற்காலியைத் தொட்டு விரலை மோந்து பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று.

"வந்துட்டியாய்யா?" என்றாள் வெற்று நாற்காலியிடம். "இருக்கறப்போவும் நீ நேரத்துக்கு வீடு வந்ததில்ல. இப்ப வந்து என்ன பண்ண? நீ வரலைன்னாத்தான்யா வீடு எனக்கு. போயிடு. நல்லவன்ல, போயிடு."

நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டுவது நின்றது. தரையில் ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாய் விழுந்து, நிதானமாக வாசலைத் தாண்டின. லெய்திஸ் மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தீர்ப்பு வந்தது. வீடு எனெய்தாவுக்கு. "பிரமாதம், டாக்டர்!" என்று பேராசிரியர் தோளில் தட்டி மதிப்பெண் போட்டார்.

அடுத்த திங்கள் எனெய்தா மறுபடி வந்தாள். நாற்காலியைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

"டாக்டரம்மா, ரேடியோவுல இன்னும் ஒரே ஒரு வாட்டி அவரைக் கூப்பிடுங்களேன்."

"முடியாதும்மா. செத்துட்டார்னு தீர்ப்பாயிடுச்சு. செத்தவங்களைச் சட்டம் கூப்பிடாது."

"நான்தானே போகச் சொன்னேன்," என்றாள் எனெய்தா. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், மையத்தைப் பூட்ட ஆள் வரும்வரை எழுந்திருக்கவில்லை.