இடுப்பு உயரத்திலிருந்து மூன்று முறை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஃப்ரிட்ஜைப் பற்றி ஒரு சிரிப்புக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கணவனும் மனைவியும் ஃப்ரிட்ஜைக் காலி செய்கிறார்கள். உள்ளே மூன்று அரை எலுமிச்சம்பழம், காலாவதியான கண் சொட்டு மருந்து, எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத ஒரு சாவி. நன்றாகத்தான் போனது. எதற்குக் காலி செய்கிறார்கள் என்று எனக்கே ஒரு கேள்வி வந்தது. வந்திருக்கக் கூடாது.

பதில் இதுதான்: பத்து வாரக் கரு. முந்தாநாள் ஸ்கேனில் துடிப்பு இல்லை. வீட்டிலேயே தானாக வெளியேறட்டும் என்று காத்திருக்கிறார்கள். வந்ததும் மூடி உள்ள சின்னப் பெட்டியில் மெல்லிய துணி விரித்து வைத்து, அடக்கம் செய்யும்வரை ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று நர்ஸ் போனில் சொன்னார். ரத்தம் அதிகமாகப் போனால் உடனே கிளம்பி வரவேண்டும் என்றும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘வானம் கனத்துக் கிடந்த அந்தப் பிற்பகலில்…’

வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நல்ல வெயில்.

இரண்டாம் முயற்சி: பார்சல் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகப் பேக்கிங் பண்ணுகிறவனிடம், ‘ஒரு பெட்டி ரெடி பண்ணுங்க’ என்று யாரும் சொல்லக் கூடாது.

மனைவி சொல்லிவிட்டாள். அவன் லீவு போட்டுவிட்டு தெர்மாகோல், டேப், ஆளுயரக் குமிழ் உறைச் சுருள் (பபிள் ராப்) எல்லாவற்றோடும் வந்து ஹாலில் கடை விரித்தான்.

“ஏங்க, பீரோவையா பார்சல் பண்ணப் போறீங்க?”

“நீ பேசாம உக்காரு. அளவு மட்டும் சொல்லு.”

“பேரீச்சம்பழம் அளவு இருக்கும்னாங்க.”

“அப்ப நாலு பக்கமும் அஞ்சு சென்டிமீட்டர் இடம் விடணும்.”

3

இந்த இடத்தில் அவள் அழ வேண்டும். ‘அவள் கண்கள்’ என்று ஆரம்பித்தும் பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை. கணக்கு டீச்சர், மடியில் விடைத்தாள் கட்டு. முந்தாநாளிலிருந்து அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நேற்று ஒரே ஒரு தடவை கேட்டாள்:

“பாத்ரூம்ல கவனிக்காம தண்ணிய ஊத்திட்டேன்னா?”

அதற்குப் பேக்கிங் பிரிவில் பதில் கிடையாது. அதனால்தான் இவ்வளவு குமிழ் உறை.

4

பெட்டி தயார். இனி சோதனை. இடுப்பு உயரத்திலிருந்து மூன்று முறை கீழே போட்டுப் பார்ப்பது அவர்கள் கம்பெனி வழக்கம்.

(உள்ளே முட்டை வைத்தான் என்றுதான் முதலில் எழுதினேன். குறியீடு என்று யாராவது கட்டுரை எழுதிவிடுவார்கள். எலுமிச்சம்பழம் என்று மாற்றினேன்; அது மாடியிலிருந்து போட்டாலும் உடையாது. கடைசியில் ரஸ்க்.)

தொப். தொப். மூன்றாவது தொப்பில் மாடிவீட்டுக்காரர், “கீழ என்னப்பா சத்தம்?” என்றார்.

திறந்தான். ரஸ்க் முழுசாக இருந்தது. கோப்பை வாங்கியவன் மாதிரி தூக்கிக் காட்டினான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடைத்தாள்கள் சரிந்து ஓடுகிற அளவுக்குச் சிரிப்பு.

“யாருங்க இத கீழ போடப் போறா? அஞ்சு எட்டு வச்சா ஃப்ரிட்ஜ்!”

“யாரும் போட மாட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு இதெல்லாம்?”

அவன் டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். “எனக்கு வேற எதுவும் பண்ணத் தெரியலயே.”

இப்போது அழுதாள். (நான் கேட்ட இடத்தில் இல்லை.)

5

பிறகு ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டு என்று சண்டை.

“கதவுப் பக்கம் வேணாம். திறந்து மூடும்போதெல்லாம் ஆடும்.”

“கீழ்த்தட்டு?”

“குனிஞ்சு பாக்கணுமா நான்?” என்றாள்.

நடுத்தட்டு. தனியாக. அந்தச் சாவிக்குக்கூட அங்கே இடமில்லை.

6

முடிவு ஒன்று: நர்ஸ் போன் செய்கிறார், ‘ஸ்கேன் மிஷின்ல கோளாறு, குழந்தை…’ இதை எழுதிய கையை நானே அடித்தேன்.

முடிவு இரண்டு: இரண்டு வருடம் கழித்து ஒரு குட்டிப் பெண் அதே ஃப்ரிட்ஜைத் திறந்து… இந்த ஆறுதலைச் சொல்ல அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறார்கள்.

இதற்குள் அவளுக்கு வலி ஆரம்பித்துவிட்டது. கழுவி வைத்த பிளாஸ்டிக் பேசினை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி பாத்ரூம் வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“தனியா வேணாங்க. நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் பாத்தா தவறாது.”

பெட்டியோடு ஓடினான். அவள் முழங்கால் மடிகிறது. தாங்கிப்பிடிக்க அவனுக்கு இரண்டு கையும் வேண்டும். பெட்டியை ஈரத் தரையில் வைக்க மனம் வரவில்லை. என்னைப் பார்க்கிறான். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், என் கை காலியில்லை.

வாசலில் நிற்பது நீங்கள்தான். கொஞ்சம் பிடியுங்கள். இன்னும் ஒன்றும் இல்லை உள்ளே, கனமே இருக்காது. ஆனாலும் இரண்டு கையாலும்.